வெட்டு, குத்து… அப்புறம்?

மாயாஜால வீடியோ கேம்களில் கதை வளர்ந்துவிட்டது, படத்தின் தரம் எங்கோ போய்விட்டது. சண்டை மட்டும் பல விளையாட்டுகளில் இன்னும் கழித்தல் கணக்காகவே இருக்கிறது. மாற்ற வழி உண்டு என்று சிலர் செய்து காட்டியிருக்கிறார்கள்.

குகை வாசலில் டிராகன் நிற்கிறது. அதன் மூச்சுக்காற்றில் பாறை உருகுகிறது. எதிரே ஒரு வீரன், ஒரு மந்திரக்காரி, ஒரு திருடன். பின்னணியில் வயலின்களும் முரசுகளும் முழங்குகின்றன. உலகின் தலையெழுத்தே இந்த நிமிடத்தில் தீர்மானமாகப்போகிறது. அப்போது டி.வி. திரையின் மூலையில் சின்னதாக ஒரு பெட்டி தோன்றுகிறது. அதில் நான்கே வார்த்தைகள்: தாக்கு, மந்திரம், பொருள், ஓடு.

இந்த நான்கு வார்த்தைகளுக்கு வயது ஏறக்குறைய 40. ஜப்பானின் எனிக்ஸ் நிறுவனம் 1986ல் வெளியிட்ட 'டிராகன் குவெஸ்ட்' விளையாட்டில் யூஜி ஹோரி வைத்த பட்டியல் இது. அன்றைக்கு அது புத்திசாலித்தனமான ஏற்பாடுதான். முழு விளையாட்டும் 64 கிலோபைட்டுக்குள் அடங்கவேண்டியிருந்தது. கையில் இருந்த கருவியிலோ ஒரு திசைப் பொத்தானும் இரண்டு பட்டன்களும்தான். இன்று நிலைமை வேறு. 2023ல் வந்த 'பால்டர்ஸ் கேட் 3' விளையாட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றவே 150 கிகாபைட் இடம் வேண்டும். ஆனால் இந்த ரக விளையாட்டுகளில் பல அந்த நான்கு வார்த்தைகளைச் சுற்றியே இன்னும் வலம்வருகின்றன.

இது வெறும் ரசனைப் பிரச்சினை அல்ல. ஆர்.பி.ஜி. எனப்படும், பாத்திரமேற்று ஆடும் விளையாட்டு ஒன்றை முடிக்கப் பல சமயம் 50 மணி நேரம்கூட ஆகும். 100ஐத் தாண்டுவதும் உண்டு. அதில் பெரும்பகுதி சண்டையில் கழிகிறது. தொடக்கத்தில் ஆட்டக்காரரிடம் ஆயிரம் கேள்வி கேட்கிறார்கள்: வீரனா, துறவியா, பாடகனா? உயரம் என்ன, கண்ணின் நிறம் என்ன? எல்லாம் கேட்டுவிட்டு, சண்டை வந்ததும் எல்லோரையும் ஒரே வேலையைச் செய்யச் சொல்கிறார்கள். துறவியும் அடிக்கிறார், பாடகனும் அடிக்கிறான். ஏற்ற பாத்திரம் அந்த நிமிடத்தோடு காணாமல் போகிறது. எந்தச் சிக்கலுக்கும் அடிதான் விடை என்று நூறு மணி நேரம் சொல்லிக்கொடுக்கும் ஒரு பொழுதுபோக்கு, பள்ளிப் பிள்ளைகளின் கைகளில் இருக்கிறது என்பதும் யோசிக்கவேண்டிய விஷயம்.

மேஜையில் தொடங்கிய கணக்கு

கோளாறின் வேர் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், லேக் ஜெனிவா என்ற சிற்றூரில் இருக்கிறது. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் இருவரும் உருவாக்கிய 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' 1974ல் அங்கிருந்துதான் வெளியானது. பேப்பர், பென்சில், பகடை இவைதான் முதலீடு. இருவருமே பொம்மைப் படைகளை மேஜையில் நகர்த்திப் போர் விளையாடியவர்கள். எனவே உயிரை எண்ணாக்கும் வழக்கமும் அங்கிருந்தே வந்தது. ஒரு பூதத்துக்கு 40 உயிர்ப்புள்ளி என்றால், ஒவ்வொரு அடிக்கும் சில புள்ளிகள் குறையும். பூஜ்யம் வந்தால் பூதம் காலி.

இந்தக் கணக்கில் ஒரு வேடிக்கை உண்டு. 40 புள்ளியோடு இருக்கும் பூதமும் ஒரே புள்ளியோடு இருக்கும் பூதமும் ஒரே வலுவோடு அடிக்கின்றன. நொண்டுவதில்லை, பயப்படுவதில்லை, ஓடுவதுமில்லை. ஆனால் மேஜை விளையாட்டில் இது பெரிய குறையாகத் தெரியவில்லை. காரணம்: ஆட்டத்தை நடத்த ஒரு மனிதர் உட்கார்ந்திருந்தார். "பூதத்தின் காலடியிலுள்ள கம்பளத்தை இழுக்கிறேன்" என்று ஒருவர் சொன்னால், அவர் கொஞ்சம் யோசித்து, பகடையை உருட்டச் சொல்லி, பூதத்தைக் குப்புற விழவைப்பார். சரவிளக்கின் கயிற்றை அறுக்கலாம், கதவைத் தாழிடலாம், லஞ்சம் கொடுக்கலாம். விதிப்புத்தகத்தில் இல்லாததையும் அவர் அனுமதிப்பார்.

1981ல் 'அல்டிமா', 'விசார்ட்ரி' ஆகிய இரண்டும் இந்த விளையாட்டைக் கம்ப்யூட்டருக்குக் கொண்டுபோயின. யூஜி ஹோரிக்கு முன்மாதிரிகள் இவைதான். கம்ப்யூட்டர் கூட்டல் கழித்தலை ஏற்றுக்கொண்டது. ஆனால் கம்பளத்தை இழுக்க அனுமதித்த மனிதரை அதற்குள் கொண்டுவர முடியவில்லை. புரோகிராமில் எழுதாத எதையும் இயந்திரம் செய்யாது. மிஞ்சியது கணக்கு மட்டும்.

ஐம்பது மந்திரம், ஒரே தீப்பந்து

பட்டியலை நீட்டிவிட்டால் சரியாகிவிடுமா? பல நிறுவனங்கள் அப்படித்தான் நினைத்தன. 50 மந்திரங்கள், 30 வகை வாள்கள் என்று அட்டையில் அச்சிட்டார்கள். விளைவு: ஆட்டக்காரர்கள் எல்லாவற்றையும் ஒருமுறை பார்த்துவிட்டு, எது அதிகப் புள்ளியைக் கழிக்கிறதோ அதையே கடைசிவரை அழுத்தினார்கள். சுவாரசியமான முடிவுகளை அடுத்தடுத்து எடுக்கவைப்பதுதான் நல்ல விளையாட்டு என்பது 'சிவிலைசேஷன்' படைத்த சிட் மையர் வகுத்த இலக்கணம். விடை ஏற்கெனவே தெரிந்துவிட்டால் அங்கே முடிவெடுக்க எதுவும் இல்லை.

பெதஸ்டா நிறுவனத்தின் 'ஸ்கைரிம்' (2011) இதற்கு உலகப் புகழ்பெற்ற உதாரணம். வாள்வீரனாகத் தொடங்கினாலும், மந்திரவாதியாகத் தொடங்கினாலும், கடைசியில் எல்லோரும் இருட்டில் பதுங்கி அம்பு விடும் வில்லாளியாகத்தான் ஆகிறார்கள் என்பது ரசிகர்களிடையே நிரந்தரக் கிண்டல். பதுங்கியிருந்து விடும் அம்புக்கு அதில் அவ்வளவு பலம். மற்ற வழிகள் அடைக்கப்படவில்லை. ஆனால் அவற்றில் போவதால் லாபம் இல்லை.

விஷம், தூக்கம், குருட்டுத்தன்மை போன்ற மந்திரங்களின் கதி இன்னும் மோசம். சாதாரண எதிரி இரண்டே அடியில் விழுந்துவிடுவான். அவனைத் தூங்கவைப்பது நேர விரயம். பெரிய எதிரியிடம் அந்த மந்திரம் பலிக்காது என்று விளையாட்டை எழுதியவரே விதித்திருப்பார். தேவையில்லாத இடத்தில் வேலைசெய்யும், தேவையான இடத்தில் கைவிரிக்கும் கருவியை யார் எடுப்பார்கள்?

இதற்கு ஜப்பானின் அட்லஸ் நிறுவனம் ஒரு மருந்து கண்டுபிடித்தது. 'ஷின் மெகாமி டென்செய்: நாக்டர்ன்' (2003) விளையாட்டில் எதிரியின் பலவீனம் பார்த்து அடித்தால் கூடுதல் வாய்ப்பு கிடைக்கும். குறி தப்பினால் கையிலிருக்கும் வாய்ப்புகளும் பறிபோகும். எதிரிக்கும் இதே சட்டம். ஒரு தவறான மந்திரம் மொத்தக் குழுவையும் காலிசெய்துவிடும் என்பதால், பட்டியலில் இருக்கும் ஒவ்வொரு வரியையும் படிக்கவேண்டிய கட்டாயம் ஆட்டக்காரருக்கு வருகிறது.

கேப்காம் நிறுவனம் வேறு திசையில் போனது. 2004ல் தொடங்கிய அதன் 'மான்ஸ்டர் ஹன்டர்' வரிசையில் மிருகத்தின் தலைமேல் உயிர்ப்புள்ளி எதுவும் காட்டப்படுவதில்லை. வாலை வெட்டினால் அந்த மிருகத்தின் வால்வீச்சு எட்டும் தூரம் குறைகிறது. காயம் அதிகமானால் நொண்டிக்கொண்டே தன் இருப்பிடத்துக்குத் தப்பப் பார்க்கிறது. அதே நிறுவனத்தின் 'டிராகன்ஸ் டாக்மா' (2012) விளையாட்டில் ராட்சதன் முதுகில் ஏறித் தொங்கலாம். பறக்கும் கிரிஃபினின் சிறகுக்குத் தீவைத்துத் தரையில் விழவைக்கலாம். "எவ்வளவு அடிப்பது" என்பதோடு "எங்கே அடிப்பது" என்ற கேள்வியும் சேர்ந்ததும் சண்டைக்கு உயிர் வந்துவிடுகிறது.

தரையும் ஆயுதம்

பெல்ஜியத்தின் கென்ட் நகரிலுள்ள லேரியன் ஸ்டுடியோஸ் இன்னொரு பாதையைப் பிடித்தது. ஸ்வென் வின்கே தலைமையிலான இந்த நிறுவனம் 2014ல் வெளியிட்ட 'டிவினிடி: ஒரிஜினல் சின்' விளையாட்டில் தரைக்கும் பங்கு உண்டு. மழை பெய்தால் தரை நனையும். நனைந்த தரையில் மின்னலை இறக்கினால் அதில் நிற்பவர்கள் அத்தனை பேருக்கும் ஷாக். எண்ணெயைக் கொட்டினால் அதில் நடப்பவர்களின் வேகம் குறையும், பற்றவைத்தால் எரியும். எரிகிற இடத்தில் தண்ணீர் விழுந்தால் நீராவி எழுந்து பார்வையை மறைக்கும். அந்த மறைவில் தப்பிக்கலாம்.

இங்கேதான் சூட்சுமம். நூறு வித்தைகளைத் தனித்தனியாக எழுதினால் நூறு வித்தைகள்தான் கிடைக்கும். நெருப்பு, நீர், மின்சாரம், எண்ணெய் ஆகியவை ஒன்றோடொன்று எப்படி நடந்துகொள்ளும் என்று பத்து விதிகளை எழுதிவிட்டால், அவை சேர்ந்து உண்டாக்கும் வித்தைகளை எழுதியவராலேயே எண்ணமுடியாது. நின்டென்டோவின் 'செல்டா: ப்ரெத் ஆஃப் த வைல்ட்' (2017) இதே வழியில் போனது. இடி மின்னலின்போது இரும்புக் கத்தி வைத்திருந்தால் மின்னல் தாக்கும். அதே கத்தியை எதிரியின் காலடியில் போட்டால் மின்னல் அவனைத் தேடிப்போகும்.

லேரியனின் பிந்தைய பெரிய முயற்சியான 'பால்டர்ஸ் கேட் 3' இதை உச்சத்துக்குக் கொண்டுபோனது. எதிரியைப் பள்ளத்தில் தள்ளிவிடலாம். கையில் கிடைத்த நாற்காலியை எறியலாம். ராட்சத சிலந்தி வலைமேல் நிற்கிறதா? வலையை எரித்தால் அது கீழே விழும். கோப்ளின்கள் கூடிக் குடிக்கும் மதுவில் விஷம் கலந்துவிடலாம். 1974ல் மேஜையருகே உட்கார்ந்திருந்த அந்த மனிதரைக் கம்ப்யூட்டருக்குள் கொண்டுவர இதுவரை நடந்த முயற்சிகளில் இதுவே பெரியது. அந்த ஆண்டின் சிறந்த விளையாட்டுக்கான கேம் அவார்ட்ஸ் விருதும் அதற்கே கிடைத்தது.

அடிக்காமலும் ஜெயிக்கலாம்

சண்டையில் மிக அரிதான வாய்ப்பு, சண்டை போடாமலிருப்பதுதான். இதற்கும் முன்னோடிகள் இருக்கிறார்கள். அணுப்போருக்குப் பிந்தைய உலகில் நடக்கும் 'ஃபால்அவுட்' (1997) விளையாட்டில், மனிதர்கள் எல்லோரையும் புதிய இனமாக மாற்றத் துடிக்கும் தலைவனோடு மோதித்தான் ஆகவேண்டும் என்பதில்லை. அந்தப் புதிய இனத்தால் பிள்ளை பெற முடியாது என்ற ஆதாரத்தை எடுத்துவைத்தால், தன் திட்டமே வீண் என்பதை உணர்ந்து அவன் தன்னையே அழித்துக்கொள்கிறான். 1987ல் தொடங்கிய 'மெகாமி டென்செய்' வரிசையில் பேய்களோடு பேரம் பேசி அவற்றைத் தன் பக்கம் சேர்த்துக்கொள்ளலாம்.

டோபி ஃபாக்ஸ் பெரும்பாலும் தனியாளாக உருவாக்கிய 'அன்டர்டேல்' (2015) இன்னும் ஒரு படி மேலே போகிறது. அதில் ஒருவரைக்கூடக் கொல்லாமல் விளையாட்டை முடிக்கலாம். ஆனால் கருணை இலவசமல்ல. கொல்லாதவருக்கு அனுபவப் புள்ளி கிடையாது. கடைசிவரை தொடக்கத்திலிருந்த சொற்ப உயிரோடுதான் எல்லா அடிகளையும் தப்பிக்கவேண்டும். வழக்கமாக வீரனின் வளர்ச்சியைக் காட்டும் எண், இந்த விளையாட்டில் அவன் செய்த வன்முறையின் அளவு என்பது முடிவை நெருங்கும்போது தெரியவரும்.

இந்த இடத்தில்தான் பல விளையாட்டுகள் சறுக்குகின்றன. பேசித் தீர்க்கலாம் என்று ஒரு கதவைத் திறந்துவைத்துவிட்டு, கொன்றால்தான் அனுபவப் புள்ளி என்றும் விதிக்கிறார்கள். சம்பளம் ஒரு வேலைக்கு, பாராட்டு இன்னொரு வேலைக்கு என்றால் ஆட்டக்காரர் எதைச் செய்வார்? இதில் பழைய 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விவரமாக இருந்தது. தொடக்ககாலப் பதிப்புகளில் அனுபவப் புள்ளியின் பெரும்பகுதி கொண்டுவந்த புதையலுக்குத்தான். கொன்ற பூதத்துக்குச் சொற்பமே. எனவே பூதம் தூங்கும்போது பொன்னை எடுத்துக்கொண்டு நழுவுவது கெட்டிக்காரத்தனம். 1981ம் ஆண்டுப் பதிப்பில் எதிரிகளின் மன உறுதிக்கும் ஒரு எண் இருந்தது. கூட்டாளிகள் விழ ஆரம்பித்தால் பகடையை உருட்டி, அவர்கள் நிற்கிறார்களா, ஓடுகிறார்களா, சரணடைகிறார்களா என்று பார்ப்பார்கள். பெரும்பாலான வீடியோ கேம்கள் இந்த விதியைக் கைவிட்டன. கடைசி ஆள் வரை செத்துமடியும் எதிரிகள்தான் மிச்சம். இரண்டு பகடைகளால் முடிந்த காரியம் இது. திரும்பக் கொண்டுவர சூப்பர் கம்ப்யூட்டர் தேவையில்லை. 2015ல் அப்சிடியன் நிறுவனம் வெளியிட்ட 'பில்லர்ஸ் ஆஃப் எடர்னிடி' வெறும் கொலை எண்ணிக்கைக்குப் புள்ளி தருவதைப் பெரும்பாலும் நிறுத்திக்கொண்டது. காரியத்தை முடித்தால் போதும். எப்படி முடித்தார் என்பது ஆட்டக்காரர் பாடு.

விரலா, மூளையா?

சண்டையை சுவாரசியமாக்க இன்னொரு கோஷ்டி கண்ட வழி, வேகம். 'ஃபைனல் ஃபேன்டசி 4' (1991) விளையாட்டில் ஹிரோயுகி இட்டோ, ஆட்டக்காரர் யோசித்துக்கொண்டிருக்கும்போதே எதிரி அடிக்கும் ஏற்பாட்டைப் புகுத்தினார். ஃபார்முலா ஒன் கார் பந்தயம் பார்க்கையில் உதித்த யோசனை அது. 'டயாப்லோ' முறைவைத்து ஆடும் விளையாட்டாகத்தான் திட்டமிடப்பட்டது. 1996 கடைசியில் வெளிவந்தபோது அது மௌஸைத் தட்டிக்கொண்டே இருக்கவேண்டிய விளையாட்டாகியிருந்தது. ஹிடேடாகா மியாசாகியின் 'டார்க் சோல்ஸ்' (2011) எடை, களைப்பு, நிதானம் மூன்றையும் சேர்த்தது. கனமான கவசம் போட்டால் அடி தாங்கலாம், ஆனால் உருண்டு தப்புவது மந்தமாகும்.

இவை நல்ல விளையாட்டுகள். ஆனால் எல்லாம் இந்தப் பக்கமே சாய்ந்தால் ஒரு கூட்டம் வெளியே நிற்கவேண்டியிருக்கும். வயதானவர்கள், விரல் நடுக்கம் உள்ளவர்கள், உடல் ஊனமுற்றவர்கள் ஆகியோருக்கு அவகாசம் கொடுத்து யோசிக்கவைக்கும் சண்டைதான் வசதி. முறைவைத்து ஆடும் விளையாட்டு விற்காது என்ற எண்ணம் பெரிய நிறுவனங்களிடம் வேரூன்றியிருந்தது. 2023ல் 'பால்டர்ஸ் கேட் 3' அதை ஆட்டிவைத்தது. 2025 ஏப்ரலில் பிரான்சின் மோன்பெல்லியே நகரிலிருந்து வந்த 'கிளேர் ஆப்ஸ்க்யூர்: எக்ஸ்பிடிஷன் 33' அதைப் பிடுங்கியே எறிந்தது.

சான்ட்ஃபால் என்ற அந்த நிறுவனத்தின் மையக் குழுவில் சுமார் 30 பேர்தான். தங்கள் முறை வரும்போது நிதானமாக யோசிக்கலாம். எதிரியின் முறை வரும்போது சரியான கணத்தில் பட்டனை அழுத்தித் தடுக்கலாம், திருப்பியடிக்கலாம். 1996ல் 'சூப்பர் மரியோ ஆர்.பி.ஜி.' தொட்டுக்காட்டிய யோசனைதான். இங்கே அதுவே முதுகெலும்பாகிவிட்டது. எதிரியின் முறையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த காலம் முடிந்தது. விரல் வேகம் போதாதவர்களுக்குத் தடுக்கும் அவகாசத்தைத் தாராளமாக்கும் எளிய நிலையும் உண்டு. 33 நாட்களில் 33 லட்சம் பிரதிகள் விற்றன. டிசம்பரில் ஆண்டின் சிறந்த விளையாட்டுக்கான விருதும் கிடைத்தது.

குருக்ஷேத்திரம் தரும் பாடம்

இந்தியாவுக்கு இதில் என்ன வேலை? நிறையவே. புனேயின் நோடிங் ஹெட்ஸ் நிறுவனம் 2020ல் வெளியிட்ட 'ராஜி: ஆன் ஏன்ஷியன்ட் எபிக்', ஆர்.பி.ஜி. அல்ல, அதிரடி ரகம்தான். ஆனாலும், தம்பியைத் தேடிப்போகும் அந்தப் பெண் திரிசூலத்தோடு சுவரில் ஓடி ஏறியும் தூணைச் சுற்றிச் சுழன்றும் அரக்கர்களைத் தாக்குகிறாள். மண்டபத்தின் அமைப்பே அவளுக்கு ஆயுதம். போபாலின் பைரோடாக்டைல் நிறுவனம் 2014ல் கொண்டுவந்த 'அன்ரெஸ்ட்' நேர் எதிர்த் திசையில் போனது. பழங்கால இந்தியச் சாயல் கொண்ட கற்பனை நகரில் சாமானியர்களின் கதை. சண்டை அபூர்வம், பேச்சுதான் பிரதானம்.

படத்தின் தரத்தில் ஜப்பானோடும் அமெரிக்காவோடும் போட்டியிட இங்கே பணமில்லை. 'பால்டர்ஸ் கேட் 3' விளையாட்டுக்கு 400க்கும் மேற்பட்டவர்கள் பல ஆண்டுகள் உழைத்தார்கள். 2020 அக்டோபரில் முதல் பகுதியை விற்று, மூன்றாண்டுகள் ஆட்டக்காரர்களின் கருத்தைக் கேட்டுத் திருத்தினார்கள். புதிதாகச் சேர்க்கும் ஒவ்வொரு வாய்ப்புக்கும் வரையவும் பரிசோதிக்கவும் ஆள் வேண்டும். ஆனால் விதிகளை யோசிப்பதற்கு அவ்வளவு செலவில்லை. அந்த யோசனைகளுக்கு இங்கே பஞ்சமும் இல்லை. மகாபாரதப் போரை ஒரு விளையாட்டு வடிவமைப்பாளரின் கண்ணால் பார்த்தாலே போதும்.

கர்ணனிடம் இருந்த சக்தி ஆயுதத்தை ஒரே ஒருமுறைதான் பயன்படுத்த முடியும். அர்ஜுனனுக்காக வைத்திருந்ததைக் கடோத்கசன்மேல் வீசவேண்டிய நெருக்கடி வந்தது. அரிய மருந்துகளை 'பிறகு உதவும்' என்று பதுக்கிவைத்து, தீண்டாமலே விளையாட்டை முடிக்கும் ஆட்டக்காரர்களுக்கு இப்படி ஒரு நெருக்கடி தேவை. சக்கரவியூகத்தில் நுழையத் தெரிந்த அபிமன்யுவுக்கு வெளியேறத் தெரியாது; எதிரிகள் நிற்கும் ஒழுங்கையே புதிராக்க அது வழிகாட்டுகிறது. ஆயுதம் எடுப்பதில்லை என்று சொல்லித் தேரோட்டியவர் போரின் போக்கையே மாற்றினார். அடிக்காத பாத்திரத்துக்கும் சண்டையில் இடமுண்டு என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை. ஆக்னேயாஸ்திரத்துக்கு வருணாஸ்திரம் பதில் என்பது, எதிரியின் செயலைப் படித்து மாற்று தேடும் விதி.

எல்லாவற்றுக்கும் மேல் அசுவத்தாமன் ஏவிய நாராயணாஸ்திரம். எதிர்க்க எதிர்க்க அதன் வலு கூடும். தேரைவிட்டு இறங்கி ஆயுதங்களைக் கீழே வைத்தவர்களை அது ஒன்றும் செய்யவில்லை. பீமன் மட்டும் முரண்டுபிடித்து மாட்டிக்கொண்டான். நூறு மணி நேரம் அடித்தே பழகிய ஆட்டக்காரர் முன் இப்படி ஒரு எதிரியை நிறுத்தினால், எத்தனை பேருக்கு ஆயுதத்தைக் கீழே போடத் தோன்றும்? அந்த விளையாட்டை எழுத 400 பேர் தேவைப்படாது. மோன்பெல்லியேயில் 30 பேரும், 'அன்டர்டேல்' எழுதிய ஒரே ஒருவரும் அதை ஏற்கெனவே நிரூபித்துவிட்டார்கள்.